ஆறு கார்கள் ஓடிய பந்தயம்

விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படங்கள் பெரும்பாலும் போட்டியின் முடிவில் கை வைப்பதில்லை. யார் வென்றார், எத்தனை விநாடியில் ஓடினார், எத்தனை விக்கெட் எடுத்தார் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. மாற்றினால் மறுநாளே யாராவது எடுத்துக்காட்டிவிடுவார்கள். திரைக்கதை மாற்றுவது அந்த முடிவைச் சுற்றியிருப்பவற்றை. வீரரைத் தடுத்தவர் யார், கைதூக்கிவிட்டவர் யார், பல ஆண்டுகளில் நடந்தது எத்தனை நாளில் நடந்தது, களத்தில் நின்றபோது அவர் மனத்தில் என்ன ஓடியது என்பவையெல்லாம் எழுத்தாளரின் மேசையில்தான் முடிவாகின்றன.

கொங்கு நாட்டுக்கு இந்த விஷயம் இப்போது நேரடியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனின் வாழ்க்கை படமாகப் போவதாக 2025-இல் அறிவிப்பு வெளியானது. மகேஷ் நாராயணன் இயக்குநர். ‘சூரரைப் போற்று’ திரைக்கதையில் பங்கேற்ற ஷாலினி உஷாதேவி எழுத்தாளர். ‘சூரரைப் போற்று’ (2020) எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதற்கு நல்ல அளவுகோல். அந்தப் படத்துக்கு மூலமான, விமான நிறுவனம் தொடங்கிய கேப்டன் கோபிநாத் கர்நாடகத்தின் கோரூரைச் சேர்ந்தவர். படத்தின் நாயகனோ சோழவந்தான்காரர். படத்தில் கற்பனை மிகுதி என்றும், ஆனால் தன் நூலின் சாரம் அதில் இருக்கிறது என்றும் கோபிநாத்தே சொன்னார். அங்கே நாயகனுக்கு வேறு பெயர் சூட்டப்பட்டிருந்ததால் அந்த விட்டுக்கொடுப்பு எளிதாயிற்று. நரேன் என்ற பெயரிலேயே எடுக்கும்போது அந்த வசதி கிடையாது.

நரேனின் வாழ்க்கையில் திரைக்கதைக்குப் பொருத்தமான இடங்கள் பல. தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்றவர். மகன் 1994-இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரையும், 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தையும் வென்றார். 2001-இல் ஜாகுவார் அணியின் ஃபார்முலா ஒன் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டினார். 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக முதல் பந்தயத்தில் இறங்கினார். ஆனால் படம் எடுப்பவர்களுக்கு உண்மையான சோதனை அதே ஆண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் நடந்த அமெரிக்கப் பந்தயம்தான்.

அன்றைய முடிவுப் பட்டியலில் நரேன் 4-ஆம் இடம், 5 புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகளும் அவைதான். இந்த வரியை மட்டும் படத்தில் வைத்தால் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நடந்தது வேறு மாதிரி. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் 13-ஆம் திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் மோதியது. சாய்வாக எழுப்பப்பட்ட அந்தத் திருப்பத்தில் தங்கள் டயர்கள் முழுப் பந்தயத்தையும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷெலின் நிறுவனம் கைவிரித்தது. திருப்பத்தின் வேகத்தைக் குறைக்க வழி செய்யலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. ஞாயிறன்று 20 கார்களும் அறிமுகச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் பூட்டிய 14 கார்கள் வரிசையாகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் 6 கார்கள் மட்டும் ஓடின. மைக்கேல் ஷூமாக்கர், பாரிக்கெல்லோ, மாண்டெய்ரோ, நரேன், ஆல்பர்ஸ், ஃப்ரீசாக்கர் என்ற வரிசையில் முடிந்தன. காசு கொடுத்து வந்த கூட்டம் கோபத்தில் கூச்சலிட்டது.

இந்த 5 புள்ளிகளை எப்படிக் காட்டுவது? 14 கார்கள் போனதை மறைத்தால் புள்ளிவிவரம் சரி, கதை பொய். போனதைக் காட்டினால் வெற்றிக் காட்சியின் வீரியம் குறையும். ஆனாலும் இரண்டாவதே நேர்மையான வழி. அது நரேனின் மதிப்பைக் குறைக்கவும் செய்யாது. அந்தப் பருவத்தின் 19 பந்தயங்களிலும் வேகம் குறைந்த ஒரு காரோடு களமிறங்கும் இடத்துக்குக் கோவையிலிருந்து ஒருவர் போய்ச் சேர்ந்ததே சொல்லத் தகுந்த செய்தி. 2012 மலேசியப் பந்தயமும் இதே போன்ற ஒரு பொறி. முந்த வந்த செபாஸ்டியன் வெட்டலின் டயர் நரேனின் காரில் உரசிக் கிழிந்தது. 4-ஆவதாக ஓடிக்கொண்டிருந்த வெட்டல் 11-ஆவதாக முடித்தார். பந்தயத்துக்குப் பின் கடுஞ்சொற்களால் ஏசினார். நடுவர்கள் நரேனுக்கே 20 விநாடி தண்டனை விதித்தார்கள். வெட்டலை ஆணவக்கார வில்லனாக்க இந்த ஒரு சம்பவம் போதும்; தண்டனைச் செய்தியை விட்டுவிட்டால் வேலை முடிந்தது.

விளையாட்டும் சினிமாவும் கோவையில் சேர்ந்தே வளர்ந்தவை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். 1930-களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், பின்னர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோவும் எழுந்தன. மில் தொழிலாளர் குடியிருப்புகளில் அதே காலத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகின. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலி 1904–05-இல் இந்தியாவைச் சுற்றி வந்ததற்குப் பிறகு, கட்டுடல் கொண்டவர்களை ‘சாண்டோ’ என்று அழைக்கும் பழக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. கோவை ராமநாதபுரத்தில் 1915-இல் பிறந்த சின்னப்பா தேவர் அந்தப் பட்டத்தைப் பெயரோடு ஒட்டிக்கொண்டவர்.

சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் மில் வேலை பார்த்தார். உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். சண்டைக் காட்சிகளில் தலைகாட்டிச் சினிமாவுக்குள் நுழைந்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் நிறுவனம் எடுத்த படம். அதில் நாயகனோடு மோதும் பலசாலி வேடம் தேவருக்கு. 1956-இல் தேவர் பிலிம்ஸ் ‘தாய்க்குப் பின் தாரம்’ படத்தோடு தொடங்கியது. இதில் ஒன்று கவனிக்கத்தக்கது: அந்தக் காலத் தமிழ் சினிமா பயில்வானின் தோளைத்தான் பயன்படுத்திக்கொண்டது, வாழ்க்கையை அல்ல. வாழ்க்கை வரலாறு என்றால் அடியார்களும் மன்னர்களும் தேசத் தலைவர்களும்தான். 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ வந்து, கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்ததைத் தமிழர் மனத்தில் சிவாஜி கணேசனின் முகத்தோடு பதியவைத்தது. விளையாட்டு வீரருக்கு அத்தகைய இடம் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்தியில் அந்த அலை 2012-இல் ‘பான் சிங் தோமர்’ படத்தோடு எழுந்து, அடுத்த ஆண்டு ‘பாக் மில்கா பாக்’ படத்தால் பெரிதாயிற்று. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டர் இறுதியில் மில்கா சிங் 45.6 விநாடியில் 4-ஆவதாக வந்தார். மூன்றாமவரான மால்கம் ஸ்பென்ஸுக்கு 45.5. முதல் நால்வருமே பழைய ஒலிம்பிக் சாதனையான 45.9-ஐ முறியடித்தவர்கள். ஓட்டத்தின் நடுவே வேகத்தைக் குறைத்ததும் திரும்பிப் பார்த்ததும் தன் தவறு என்று மில்காவே சொல்லிவந்தார். படம் அந்தத் திரும்பலை எடுத்துக்கொண்டு, பிரிவினையின்போது குடும்பத்தைப் பறிகொடுத்த சிறுவனின் நினைவோடு முடிச்சுப் போட்டது. திரும்பியது வீரரின் வாக்குமூலம். எதற்காகத் திரும்பினார் என்பது திரைக்கதையின் கண்டுபிடிப்பு. படம் பார்த்தவர்களில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே பதிந்துவிட்டன. இதோடு ஒப்பிட்டால், 1962-இல் வெளியான ஒரு படத்தின் பாட்டை 1950-களிலேயே மில்கா பாடுவது போன்ற பிழைகள் சில்லறை. விமர்சகர்கள் அவற்றைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டார்கள்.

‘தங்கல்’ (2016) இன்னொரு வகை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் 55 கிலோ மல்யுத்த இறுதியில் கீதா போகட் ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட்டை 1–0, 7–0 என்று எளிதாக வென்றார். படத்தில் எதிராளிக்கு வேறு பெயர். ஆட்டம் கடைசி விநாடி வரை தொங்குகிறது. ஒரே பிடியில் 5 புள்ளிகள் பெற்று கீதா வெல்கிறார். அந்த நேரத்தில் தந்தை மகாவீர் சிங் அரங்கத்தின் ஓர் அறையில் பூட்டப்பட்டுக் கிடக்கிறார். பூட்டச் செய்தவர் தேசியப் பயிற்சியாளர். அப்படி எதுவும் நடக்கவில்லை. உண்மையான தேசியப் பயிற்சியாளர் பி.ஆர். சோந்தி படம் வெளியான பின் தன் மனவருத்தத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். பாத்திரத்துக்குப் பெயர் மாற்றியாயிற்றே என்பது தயாரிப்புத் தரப்பின் கவசம். ஆனால் போட்டியும் ஆண்டும் வீராங்கனையும் உண்மையாக இருக்கும்போது, அந்த நாற்காலியில் இருந்தவர் யார் என்று தேட யாருக்கும் அதிக நேரம் ஆகாது. பொய்யின் கனம் முழுவதும் உயிரோடிருக்கும் ஒருவர் தலையில் இறங்கியது. விளையாட்டுப் படங்களின் திருத்தங்களில் இதுவே மிக மோசமான வகை.

ஹாலிவுட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் பிராடாக்கைப் பற்றிய ‘சிண்ட்ரெல்லா மேன்’ (2005), 1935-இல் அவரிடம் தோற்ற மேக்ஸ் பேரைக் கொலையில் களிப்பவராகச் சித்திரித்தது. 1930-இல் தன்னோடு மோதி இறந்த ஃப்ராங்கி கேம்ப்பெல்லின் சாவு பேரை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. கேம்ப்பெல் குடும்பத்துக்கு அவர் பண உதவியும் செய்தார். பேரின் மகன் படத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கார் பந்தயத்தைப் பற்றிய ‘ரஷ்’ (2013) இவ்வளவு தூரம் போகவில்லை. 1976-இல் ஜேம்ஸ் ஹன்ட் 69, நிக்கி லாடா 68 என்று ஒரே புள்ளியில் பட்டம் முடிவானதை அது அப்படியே வைத்தது. இளம் வயதில் ஒரே வீட்டில் தங்கியிருந்த இரு நண்பர்களைப் பகைவர்களாக்கியதுதான் அதன் திருத்தம்.

விடுபடல் பொய்யாகுமா என்பதற்கு ‘எம்.எஸ். தோனி’ (2016) நல்ல எடுத்துக்காட்டு. தோனிக்கு நரேந்திர சிங் என்று ஓர் அண்ணன் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அவர் இல்லவே இல்லை. தோனியின் வணிகப் பொறுப்புகளைக் கவனித்துவந்த அருண் பாண்டேதான் தயாரிப்பாளர்களில் ஒருவர். வீரரின் ஒத்துழைப்போடு எடுக்கும் படத்தில் தகவல் நிறைய கிடைக்கும். அவருக்கு வேண்டாதது தானாக உதிர்ந்துபோகும். மில்கா சிங் தன் கதை உரிமையை ஒரே ஒரு ரூபாய்க்குக் கொடுத்ததாகப் பெருமையாகச் சொல்வார்கள். விலை எதுவானாலும், கதை நாயகனின் கையெழுத்தோடு தொடங்கும் படத்தில் அவர்மீது கூர்மையான கேள்வி எழுவது அரிது.

இதற்கு எதிர்முனையில் ‘83’ (2021) நிற்கிறது. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 9 ரன்னுக்கு 4 விக்கெட் இழந்து நின்றபோது கபில் தேவ் இறங்கி 175 அடித்தார், கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவு கிடையாது. ஸ்கோர் புத்தகமும் நேரில் பார்த்தவர்களின் நினைவும்தான் மிச்சம். படக்குழு அதே மைதானத்துக்குப் போய் அந்த இன்னிங்ஸைத் திரும்ப உண்டாக்கியது. பதிவே இல்லாத இடத்தில் படம்தான் பதிவாகிவிடும். இன்றைய இளைஞர்கள் மனக்கண்ணில் காணும் 175, ரன்வீர் சிங் அடித்தது. அதே படத்தில் ஸ்ரீகாந்தாக ஜீவா வந்தார். லார்ட்ஸ் இறுதியில் இந்தியாவின் 183-இல் ஸ்ரீகாந்தின் 38 ரன்தான் அதிகபட்சம் என்பதை இன்று நினைவுகூர்பவர் குறைவு.

‘மைதான்’ (2024) மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்குச் சற்று நெருக்கமான கதை. 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2–1 என வென்ற கால்பந்து அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த இவர் ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக ஆடினார். அந்த அணி 1955, 1958 ஆண்டுகளில் டுராண்ட் கோப்பையை வென்றது. ரெஜிமென்டின் இருப்பிடமான வெலிங்டன், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலில் குன்னூரைத் தாண்டியதும் வரும் நிறுத்தம். படம் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீமைச் சுற்றி நடக்கிறது. அவர் நுரையீரல் புற்றுநோயால் 1963-இல் இறந்ததும், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் இறுதியில் கோல் அடித்ததும் உண்மை. ரஹீமுக்குக் குழிபறிக்கும் சங்க அதிகாரியும் பத்திரிகையாளரும் கற்பனை. தங்கராஜ் ஒரு பாத்திரமாக வருகிறார். ராணுவ அணிகள் வளர்த்த கால்பந்துக்கு அந்தக் கதையில் பெரிய இடமில்லை.

இடத்தை மாற்றுவதும் ஒரு வகைத் திருத்தம். ‘மேரி கோம்’ (2014) மணிப்பூரில் எடுக்க முடியாமல் மணாலியில் எடுக்கப்பட்டது. இந்திப் படங்களுக்கு மணிப்பூரில் தீவிரவாத அமைப்புகள் விதித்திருந்த தடையால் மேரி கோமின் சொந்த மாநிலத்திலேயே திரையிடப்படவும் இல்லை. ‘தில் சே’ (1998) பாட்டில் நீலகிரி மலை ரயிலின் மேல் ஆடியதைப் பார்த்து, வடக்கே எங்கோ ஓடும் ரயில் என்று நாடே நம்பியது. மேட்டுப்பாளையத்தில் யாரையும் அப்படி ஏமாற்றியிருக்க முடியாது. கற்பனைக் காதல் கதையில் அது பெரிய குற்றமில்லை. உண்மையான வீராங்கனையின் கதையில் ஊரையும் முகத்தையும் மாற்றியது வடகிழக்கில் மனக்குறையாகவே நின்றது.

தமிழில் பெயரைச் சொல்லியே எடுக்கப்பட்ட முக்கியமான படம் ‘800’ (2023). இயக்குநர் எம்.எஸ். ஸ்ரீபதி, முத்தையா முரளிதரனாக மதுர் மிட்டல். முதலில் நடிப்பதாக இருந்த விஜய் சேதுபதி, தமிழ்நாட்டில் எழுந்த அரசியல் எதிர்ப்பால் 2020 அக்டோபரில் விலகினார். அந்தச் சர்ச்சை முழுவதும் முரளி போர்க்காலத்தில் எங்கே நின்றார், என்ன சொன்னார் என்பது பற்றியது. பந்துவீச்சைப் பற்றி அல்ல. மலையகத் தமிழரான முரளியின் தாத்தா தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து போனவர். 1977 கலவரத்தில் குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை எரிக்கப்பட்டது. இந்தப் பின்னணி இல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. இதைச் சொல்லத் தொடங்கினாலோ எந்தப் பக்கமும் முழுத் திருப்தி அடையாது.

களத்துச் செய்திகளில்கூட எளிமைப்படுத்தும் ஆசை எழும். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் முரளியின் பந்துகளை 7 முறை நோபால் என்றார். இது எல்லாருக்கும் தெரியும். அதே நாளில் முரளி மறுமுனைக்கு மாறிப் பந்துவீசியபோது, அங்கே நின்ற ஸ்டீவ் டன் ஒருமுறைகூட நோபால் சொல்லவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படாதது. ஒரே மைதானத்தில், ஒரே நாளில், ஒரே கைக்கு இரண்டு தீர்ப்புகள். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கையை ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்தார்கள். கடைசியில் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 டிகிரி வரை சலுகை என்ற விதி வந்தது. 2010 ஜூலை 22 அன்று காலேயில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800-ஐத் தொட்டார். கடைசி டெஸ்டின் கடைசி பந்தில் அந்த விக்கெட் விழுந்தது. இதை ஒருவர் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பும்படி இல்லை என்று சொல்லியிருப்பார்கள்.

பெயரை மாற்றிவிட்டு உண்மையை நெருங்கும் வழியைத் தமிழ் இயக்குநர்கள் அதிகம் விரும்புகிறார்கள். மாரி செல்வராஜின் ‘பைசன்’ (2025), 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து கிளைத்தது. நாயகன் பெயர் கிட்டான். ‘சார்பட்டா பரம்பரை’ (2021) தனி மனிதர் எவரையும் காட்டாமல், வடசென்னைக் குத்துச்சண்டையின் பரம்பரைகளையும் நெருக்கடிநிலைக் காலத்தையும் காட்டியது. அதற்கும் வரலாற்று வழக்கு வந்தது: எம்.ஜி.ஆர். விளையாட்டுக்குச் செய்ததை மறைத்துவிட்டார்கள் என்று அ.தி.மு.க. தரப்பில் குறை சொன்னார்கள். முகம்மது அலி 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடியது எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான். கதை நடப்பது அதற்கு முன்பு என்பதால் படத்தில் அதற்கு இடமில்லை.

கோவைக்குத் திரும்பினால், நரேன் படத்துக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. விளையாட்டுப் படம் என்றாலே வறுமையிலிருந்து மேலேறும் கதையைப் பார்வையாளர் எதிர்பார்க்கிறார். கொங்கின் கிழக்கு ஓரமான சேலம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட உண்மைக் கதைகள் இருக்கின்றன. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அவரைப் பற்றிய படம் 2017-இல் அறிவிக்கப்பட்டது, பிறகு நின்றுபோயிற்று. சின்னப்பம்பட்டி நடராஜன் ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் அறிமுகமானார். கார் பந்தயமோ பணம் இல்லாமல் தொடங்கவே முடியாத விளையாட்டு. நரேன் வசதியான வீட்டுப் பிள்ளை. அவருக்குத் தடையாக இருந்தது இந்தியாவில் போதிய ஓடுதளமும் போட்டி முறையும் ஸ்பான்சரும் இல்லாத நிலை. அதை மறைத்து ஒரு பஞ்சப்பாட்டை ஒட்டவைத்தால் கதையின் அடித்தளமே ஆடிப்போகும்.

அந்த அடித்தளத்தில் இன்னொருவர் கட்டாயம் நிற்க வேண்டும். கோவையின் மில் குடும்பம் ஒன்றில் பிறந்த எஸ். கரிவர்தன் தானே கார் ஓட்டியவர். தன் பட்டறையில் பந்தயக் கார்களைக் கட்டியவர். மாருதி 800 காரின் எஞ்சினைப் பூட்டி அவர் 1980-களின் இறுதியில் உருவாக்கிய ஒற்றை இருக்கைக் கார்தான் ஃபார்முலா மாருதி. வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்யும் செலவில்லாமல் இந்திய இளைஞர்கள் பந்தயம் பழக அது வழிசெய்தது. நரேன் இந்தியாவில் முதலில் ஓட்டிய பந்தயக் கார்களும் அந்த வகையே. லேத், வார்ப்படம், மோட்டார் பம்ப் என்று ஊரெங்கும் பட்டறைகள் இருந்த கோவையில்தான் இது சாத்தியமாயிற்று. கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. தனி மனிதனின் வெற்றியாகவே கதையைச் சொல்லப் பழகிய திரைக்கதை, இப்படிப்பட்டவரை இரண்டு காட்சிகளில் வந்துபோகும் வழிகாட்டியாகச் சுருக்கிவிடும். தோனியின் அண்ணன் மறைந்ததைப் போல ஒரு பட்டறையும் மறைந்துவிடலாம்.

படத்தின் தொடக்கத்தில் ‘உண்மைச் சம்பவங்களைத் தழுவியது’ என்றும், பாத்திரங்களும் சம்பவங்களும் நாடகத்துக்காக மாற்றப்பட்டுள்ளன என்றும் இரண்டு அட்டைகள் போட்டுவிட்டால் சட்டம் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். மற்றதைப் படம் எடுப்பவர்களும் பார்ப்பவர்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபார்முலா மாருதிக் கார்களைக் கட்டியவர்களும், அவற்றில் ஓட்டியவர்களும், சோழவரம், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களைப் பார்த்தவர்களும் இன்னும் கோவையிலேயே இருக்கிறார்கள். திரைக்கதை முடிவாகும் முன் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.